டைரி வாங்கப் போறீங்களா? பேனாவையும் கூட்டிக்கிட்டுப் போங்க!



பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். நதிநீர் இணைப்பு, வேலையில்லாத் திண்டாட்டம், செயற்கை நுண்ணறிவு என்று பெரிய தலைப்புகளையெல்லாம் மற்ற நண்பர்கள் பிடித்துக்கொண்டார்கள். என் பங்குக்கு மிச்சம் இருந்தது ஒரு டைரி. அதிலும் இங்க் பேனாவில் எழுதத் தோதான டைரி. "என்னப்பா இது, டைரி வாங்கறதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. தாராளமாகச் சிரியுங்கள். சிரித்துவிட்டுக் கடைசி வரை படியுங்கள். இது ரெண்டு மார்க் கேள்வி இல்லை. நம்மில் சில பேருக்கு ஆறு மாசத்தைக் காப்பாற்றுகிற சமாச்சாரம்.

நமக்கு எதுக்கு டைரி?

நம் கல்லூரியில் பாதிப் பேருக்கு மேல் வீட்டிலேயே முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லோடு ஏற்றி இறக்குகிறார். அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறார். அவர்களுக்கு ஷிப்ட் தெரியும், ஓ.டி. தெரியும், சம்பளத் தேதி தெரியும். செமஸ்டர் என்றால் என்ன, பரீட்சைக் கட்டணத்துக்குக் கடைசி நாள் எது, ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தில் எந்தச் சான்றிதழை வைக்க வேண்டும் என்று கேட்டால், "நீதான்ப்பா படிச்ச பிள்ளை, நீயே பாத்துக்க" என்பார்கள். அது அவர்கள் தப்பு இல்லை. அவர்களுக்கும் யாரும் சொல்லித் தரவில்லையே!

படித்த வீட்டுப் பிள்ளைக்கு ஞாபகப்படுத்த அண்ணன் இருப்பான், சித்தப்பா இருப்பார். நமக்கு நோட்டீஸ் போர்டு மட்டும்தான். அதுவும் மழை நாளில் நனைந்து, ஆணி கழன்று தொங்கும்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். கணக்கில் புலி. கடைசி செமஸ்டரில் ஒரே ஒரு பேப்பர் அரியர். அடுத்த தடவை அதற்குப் பணம் கட்டவேண்டிய தேதியை மறந்துவிட்டார். அடுத்த பரீட்சைக்கு ஆறு மாசம் காத்திருந்தார். அதற்குள் கையில் இருந்த வேலை உத்தரவு கைநழுவிப் போனது. பரீட்சையில் அவர் தோற்கவே இல்லை, காலண்டரில்தான் தோற்றார்.

"போன்ல போட்டா அதுவே மணி அடிக்குமே?" என்று கேட்பீர்கள். அடிக்கும், போடுங்கள். நான் போனுக்கு எதிரி இல்லை. ஆனால் ஒர்க்‌ஷாப்புக்குள் போன் கொண்டுபோக முடியாது. எங்கள் வீட்டில் ஒரே போன், அது தங்கச்சிக்கும் எனக்கும் பொது. எல்லாவற்றுக்கும் மேலே, போன் அன்றைய சங்கதியை அன்றைக்குத்தான் கத்தும். விரித்து வைத்த டைரியோ வாரம் முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும். புதன்கிழமை ரெக்கார்டில் கையெழுத்து, வியாழக்கிழமை யூனிட் டெஸ்ட், வெள்ளிக்கிழமை பஸ் பாஸ் என்று வரிசையாகக் கண்ணில் பட்டால்தான் செவ்வாய்க்கிழமை ராத்திரியே உட்கார்ந்து வேலை பார்ப்போம்.

நாள்தோறும் எழுதிவைக்கிற பழக்கம் ஒன்றும் வெளிநாட்டுச் சரக்கு இல்லை நண்பர்களே! நம் பெரம்பூரில் 1709-ல் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை, புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்கு துபாஷியாக இருந்தவர். 1736 முதல் 1761 வரை தமிழிலேயே நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விலை போனது, சண்டை மூண்டது எல்லாமே அதில் இருக்கிறது. அந்தக் காலத்துத் தென்னிந்திய வரலாற்றை எழுத வருகிறவர்கள் இன்றும் அந்தக் குறிப்பைப் புரட்டுகிறார்கள். அவர் எழுதிய தாளும் மையும் நிலைத்ததால்தானே அது நமக்குக் கிடைத்தது? நாம் வரலாறு எழுத வேண்டாம். பரீட்சைக் கட்டணத் தேதியை எழுதினால் போதும். ஆனால் எழுதியது எழுதினபடி நிற்க வேண்டும்!

இங்க் பேனாதான் வேணுமா?

கட்டாயம் இல்லை. பால் பேனாவில் எழுதுபவர்கள் எந்தத் தாளிலும் எழுதலாம், இந்தக் கட்டுரையில் பாதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் நம்மில் நிறையப் பேரிடம் ஓர் இங்க் பேனா இருக்கிறது. ஆறாவதிலோ ஏழாவதிலோ, "கையெழுத்து நல்லா வரணும்னா மைப் பேனாவுல எழுது" என்று வாத்தியார் சொன்ன நாளிலிருந்து கூடவே வருகிறது. அழுத்தாமல் எழுதலாம், விரல் வலிக்காது. மை தீர்ந்தால் பேனாவைத் தூக்கிப் போட வேண்டாம், ஊற்றிக்கொள்ளலாம். ஒரு மை பாட்டில் பல மாதம் வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. நாமெல்லாம் கடைசல் மெஷினில் நின்று பழகுகிறவர்கள். ஆவடியில் ரயில் ஏறினால் அதே தடத்தில் வருவது திருவள்ளூர். அந்த ஊரில்தான் ரங்கா பேனாக்கள் கையால் கடைந்து செய்யப்படுகின்றன. கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர்தான் எபோனைட். அந்த எபோனைட் ராடைக் கடைசலில் பிடித்து உடலும் மூடியும் கழுத்தும் எடுக்கிறார்கள், மரை வெட்டுகிறார்கள். நாம் ஒர்க்‌ஷாப்பில் மைல்டு ஸ்டீலில் செய்கிற டர்னிங்கும் திரெட் கட்டிங்கும்தான் அங்கே பேனா ஆகிறது. அந்தப் பேனாக்களை வெளிநாட்டுக்காரர்களும் தேடி வாங்குகிறார்கள். தெற்கே சாத்தூர் ஒரு காலத்தில் பேனா நிப்புக்குப் பேர் போன ஊர். பால் பேனா வந்தபிறகு அந்தத் தொழில் நலிந்தது. ஆக, இங்க் பேனா பெரிய மனுஷன் சட்டைப்பையில் மட்டும் இருக்க வேண்டிய பொருள் இல்லை. அதைச் செய்கிற கையும் நம்மைப் போன்ற கைதான்.

பேனா, மை, தாள்: மூணும் பொருந்தணும்

முதலாண்டு பொங்கலுக்கு முன்னால் அப்பா ஒரு டைரி கொண்டுவந்தார். அவருக்கு ஒரு கம்பெனியில் கொடுத்தது. தங்க எழுத்து அட்டை, பட்டு நாடா, உள்ளே ராகு காலம், எமகண்டம், இந்தியா மேப் எல்லாம் இருந்தது. இங்க் பேனாவில் என் பேரை எழுதினேன். எழுத்தின் ஓரமெல்லாம் பூரான் கால் மாதிரி மை படர்ந்தது. பக்கத்தைத் திருப்பினால் என் பேர் மறுபக்கம் தலைகீழாகத் தெரிந்தது!

இதில் குற்றவாளி யார்? பேனாவா, மையா, தாளா? ஒர்க்‌ஷாப்பில் நாம் படித்ததை நினைத்துப் பாருங்கள். ஷாஃப்ட் நல்ல ஷாஃப்ட்தான், துளையும் நல்ல துளைதான், ஆனால் ஃபிட் சரியில்லை என்றால் வேலை கெட்டது. இங்கேயும் அதே கதைதான்.

காகிதம் என்பது நார். நாருக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத சந்துகள். திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அந்தச் சந்துகளில் மை ஏறி ஓடும். அதைத் தடுக்கக் காகித ஆலையில் கூழோடு ரோசினும் படிகாரமும், அல்லது இந்தக் காலத்து ரசாயனப் பசையும் சேர்க்கிறார்கள். மேலேயும் ஸ்டார்ச் பூசுவதுண்டு. இதற்கு சைஸிங் என்று பெயர். பிறகு உருளைகளுக்கு நடுவே விட்டு வழவழப்பாக்குகிறார்கள். சைஸிங் நன்றாக இருந்தால் மை மேலேயே நின்று மெதுவாகக் காயும். குறைவாக இருந்தால் மை ஊறி ஓடும். பால் பேனா மை கெட்டியான பசை, அது ஊறாது. நம் இங்க் பேனா மை தண்ணீரில் கரைத்த சாயம், ஊறத்தான் செய்யும்.

"ஜி.எஸ்.எம். அதிகமா இருந்தா நல்ல தாள்" என்று கடைக்காரர் சொல்வார். பாதிதான் உண்மை. ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். கனம் இருந்தால் மறுபக்கம் நிழல் தெரிவது குறையும், சரிதான். ஆனால் மை படர்வதை நிறுத்துவது கனம் இல்லை, சைஸிங். ஜப்பானில் டோமோவே ரிவர் என்று ஒரு தாள். வெறும் 52 ஜி.எஸ்.எம்.தான், வெங்காயச் சருகு மாதிரி இருக்கும். ஆனால் உலகம் முழுக்க இங்க் பேனாக்காரர்கள் அதில் செய்த டைரிக்காகத் தவம் கிடக்கிறார்கள், மை படராது என்பதால்! முதலில் செய்துவந்த கம்பெனி 2021-ல் நிறுத்திவிட, வேறொரு கம்பெனி எடுத்துச் செய்கிறது. அந்த விலைக்கு நமக்கு ஒரு மாச பஸ் செலவு தீரும். அதனால் அதை வேடிக்கை பார்த்துவிட்டு நம் கடைக்கு வருவோம்.

நம் ஊர்க் கடையில் இரண்டு பேரைக் கேட்பீர்கள். ஒன்று கிரீம்வோவ், இன்னொன்று மேப்லித்தோ. கிரீம்வோவ் விலை குறைச்சல், சாதாரண நோட்டுகளில் வருவது. மேப்லித்தோ கொஞ்சம் விலை கூட, பெரும்பாலும் மை தாங்கும். கல்யாணப் பத்திரிகை மாதிரி பளபளக்கும் ஆர்ட் பேப்பர் பக்கமே போகாதீர்கள், அதில் மை காயாமல் இழுபடும். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கிற தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை, 1979-ல் நம் மாநில அரசு தொடங்கியது. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்து பேர் வாங்கிய ஆலை. கரும்பு ஜூஸ் குடித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற சக்கை நாம் எழுதுகிற தாளாக வருகிறது என்றால் ஆச்சரியம்தானே!

கடையில் செய்ய வேண்டிய சோதனை

அட்டையைப் பார்த்து டைரி வாங்குவது பெயிண்டைப் பார்த்து மெஷின் வாங்குவது மாதிரி. உங்கள் பேனாவை, உங்கள் மையோடு, கடைக்குக் கொண்டுபோங்கள். "அண்ணே, கடைசிப் பக்கத்து ஓரத்துல ஒரு கோடு போட்டுப் பாக்கட்டுமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அதே கம்பெனியின் சின்ன நோட்டு ஒன்றை வாங்கி வீட்டில் சோதியுங்கள்.

முதலில் உங்கள் பெயரைச் சாதாரணமாக எழுதுங்கள். ஓரம் சுத்தமாக இருக்கிறதா, பூரான் கால் முளைக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, நிப்பை ஒரே இடத்தில் மூன்று எண்ணும்வரை வைத்திருங்கள். பொட்டு எவ்வளவு பெரிதாகிறது?

மூன்றாவது, பக்கத்தைத் திருப்புங்கள். நிழல் தெரிந்தால் பரவாயில்லை, பழகிவிடும். மை ஊறி வந்திருந்தால் வேண்டாம்.

நான்காவது, விரலால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். நல்ல தாளில் மை காயக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அது குறை இல்லை. பழைய பள்ளிக்கூட வைத்தியம் நமக்குத் தெரியுமே, ஒரு சாக்பீஸ் துண்டை உருட்டினால் ஈரம் போய்விடும். இடது கைக்காரர்கள் மட்டும் சீக்கிரம் காய்கிற தாளாகப் பார்த்து வாங்குங்கள்.

ஐந்தாவது, விரித்து மேஜையில் வையுங்கள். படுத்துக் கிடக்க வேண்டும். நூல் தையல் போட்டது படுக்கும். முதுகில் பசை மட்டும் ஒட்டியது எழும்பி நிற்கும், மல்லுக்கு அழுத்தினால் தாள் தாளாகக் கழன்றுவிடும்.

ஏற்கெனவே மோசமான டைரி கையில் இருக்கிறதா? மெல்லிய நிப்பு போட்ட பேனாவில் எழுதுங்கள், மை குறைவாக இறங்கும், படர்வதும் குறையும்.

மழையையும் சேர்த்து யோசிக்க வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் நம் பக்கம் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததை மறக்க முடியுமா? 2015-ல் சான்றிதழைத் தண்ணீரில் பறிகொடுத்தவர்களுக்காக அரசு தனி முகாமே நடத்தியது. துவைத்தால் போகிற நீல மை, வெள்ளத்திலும் போய்விடும். பதிவு எண், பேங்க் கணக்கு எண், முக்கியமான போன் நம்பர்களை டிராயிங் பென்சிலில் எழுதுங்கள். பென்சில் கரி தண்ணீரில் கரையாது. டைரிக்குப் பிளாஸ்டிக் கவர் போடுங்கள்.

கொஞ்சம் கணக்கு

கடை டைரிக்கு இன்னொரு கோளாறு, அது ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். நம் படிப்பு ஆண்டு முடிவது ஏப்ரல், மே. அடுத்த வகுப்பு தொடங்கும்போது டைரியில் பாதி தீர்ந்திருக்கும். ஜனவரியில் வாங்கியவன் ஜூனில் அதை அம்மாவின் பால் கணக்குக்குக் கொடுத்துவிடுகிறான். நாளுக்கு ஒரு பக்கம் வீதம் 365 பக்கமும் நமக்குத் தேவையில்லை. பாதிப் பக்கம் வெள்ளையாகவே கிடக்கும், அதைப் பார்த்தால் எழுதுகிற ஆசையே போய்விடும்.

என் யோசனை இது. 192 பக்க நல்ல நோட்டு ஒன்று வாங்குங்கள். வாரத்துக்கு இரண்டு பக்கம் என்றால் 52 வாரத்துக்கு 104 பக்கம். மாதத்துக்கு இரண்டு பக்கம் என்றால் 24. ஆக 128. மிச்சம் 64 பக்கத்தில் கட்டிய பணம், வாங்கிய ரசீது எண், இண்டர்வியூவில் கேட்ட கேள்வி, யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று எழுதலாம். ஸ்கேலும் பென்சிலும் நம்மிடம் இருக்கிறது. முதலாண்டில் ஷீட் ஷீட்டாக டிராயிங் போட்ட நமக்கு ஏழு கட்டம் போடுவது பெரிய வேலையா?

இப்போது பாருங்கள், மை ஊறுகிற தாளாக இருந்தால் ஒரு பக்கம்தான் எழுத முடியும். 192 பக்க நோட்டு 96 பக்க நோட்டாகிவிடும். மலிவு என்று வாங்கியது இரட்டை விலை! காசில்லாதவன்தான் தாளைப் பார்த்து வாங்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பேரவைக்கு ஒரு வேண்டுகோள்

ஆளுக்கு ஒரு கடை அலைவதைவிட, வரும் கல்வியாண்டுக்கு நம் மாணவர் பேரவையே ஒரு டைரி போட்டால் என்ன?

ஏ4 தாளை இரண்டாக மடித்தால் நாலு பக்கம். 192 பக்கத்துக்கு 48 தாள். எட்டெட்டுத் தாளாக மடித்து ஆறு கட்டாக நூல் தையல் போடலாம். 500 தாள் கொண்ட ஒரு ரீமில் பத்து டைரி ஆகும், 20 தாள் மிச்சமும் இருக்கும். 80 ஜி.எஸ்.எம். தாள் என்றால் அட்டை இல்லாமல் ஒரு டைரி 240 கிராம்தான், பைக்குப் பாரம் இல்லை. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடை வரிசையாக இருக்கிறது. அங்கே போய் இரண்டு மூன்று ரகத்தில் மாதிரித் தாள் வாங்கி வருவோம். கேண்டீன் மேஜையில் பரப்பி, இங்க் பேனா வைத்திருக்கிற எல்லாரும் எழுதிப் பார்த்து, அதிகம் பேர் கை காட்டிய தாளை எடுப்போம். பைண்டிங் செய்கிற அண்ணன் நம் ஏரியாவிலேயே கிடைப்பார்.

தேதி அச்சடிக்க வேண்டாம், வெறும் கட்டம் போதும். தேதியை அவரவர் எழுதிக்கொள்ளலாம், மீந்த டைரியும் அடுத்த வருஷத்துக்கு உதவும். ஆனால் முதல் பக்கத்தில் ஒன்றை மட்டும் கட்டாயம் அச்சடிக்க வேண்டும். பரீட்சைக் கட்டணம், ஸ்காலர்ஷிப், பஸ் பாஸ், இன்பிளான்ட் டிரெயினிங் கடிதம், அப்ரென்டிஸ் பதிவு, நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. விண்ணப்பம் எல்லாம் ஒரு பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வெற்றுக் கட்டம். ஆபீஸில் தேதி தெரிந்த அன்றைக்கே சீனியர்கள் வகுப்பு வகுப்பாகப் போய், "எல்லாரும் டைரியை எடுங்கப்பா" என்று சொல்லி எழுத வைக்க வேண்டும். வீட்டில் சொல்லித் தர ஆள் இல்லாத பிள்ளைக்குப் பேரவை அண்ணன் அக்காவாக நிற்பது அப்படித்தான்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று சிலர் கேட்கலாம். இந்த மலரை நாமே எழுதி, நாமே விளம்பரம் பிடித்து, நாமே பிழை திருத்தி அச்சுக்குக் கொடுக்கவில்லையா? மலர் போட முடிந்த கைகளுக்கு ஒரு டைரி போட முடியாதா?

செயலாளருக்கு என் கோரிக்கையை எழுதியே கொடுத்துவிட்டேன். உடன்படுகிறவர்கள் அதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள். இங்க் பேனாவில் போட்டால் இன்னும் சந்தோஷம்!

இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை